காணிக்கைப் பையும் கன்றுக்குட்டியும்

திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவன் நான். ஞாயிறு ஆராதனை முடிந்தாலும் எங்கள் சபை உடனே கலையாது. பெண்கள் பக்கம் பாய் சுருட்டுகிற சத்தத்துக்கு நடுவே உபதேசியார் நீள நோட்டு ஒன்றை விரித்துக்கொண்டு நிற்பார். போன வாரக் காணிக்கை இவ்வளவு, கைப்பிடி அரிசி இத்தனை படி, சங்கச் சந்தா கட்டியவர்கள் இன்னார், மணிக்கயிறு வாங்கிய வகையில் செலவு இவ்வளவு என்று வாசிப்பார். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மணிக்கயிறு போன மாசந்தானய்யா வாங்குனோம்?"

"அது கெணத்துக் கயிறு, ஆச்சி."

சபை சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார். ஆச்சிக்குத் திருப்தி. நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் இதே கதைதான். சந்தையில் யாரும் சீந்தாத பூசணிக்காயை நாலைந்து மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பார்கள். எடுக்கும்போது இருக்கிற வீராப்பு, கொடுக்கும்போது சிலருக்கு இருக்காது. ஏலப் பாக்கிதாரர் பெயரும் வாரா வாரம் வாசிக்கப்படும். கட்டி முடிக்கும்வரை அவர் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்.

அந்தக் காலத்துப் போதக ஐயர்மார் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கோபக்காரர்கள் இருந்தார்கள். பணக்கார வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் பணம் சிறியது, ஊர் சிறியது, எல்லாருடைய கண்ணுக்கும் எல்லாம் தெரிந்தது. கேட்ட ஆச்சியை யாரும் கலகக்காரி என்று நினைக்கவில்லை. கேள்வியும் ஆராதனையின் ஒரு பகுதி போலவே நடந்து முடிந்தது.

தமிழ்நாட்டில் 'கணக்குக் கேட்பது' என்ற பேச்சுக்கே ஒரு சண்டை வாடை உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களிடம் கணக்குக் கேட்டார். சில நாள்களில் திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் 17ஆம் தேதி இன்னொரு கட்சி பிறந்தது. நம் சபைகளிலும் பல இப்படிப் பிறந்தவைதான். ஒருவர் கணக்குக் கேட்பார், மூன்று ஞாயிறு முகம் திருப்பப்படும், நாலாவது ஞாயிறு பக்கத்துத் தெருவில் ஓலைப் பந்தல் ஒன்று எழும்பும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்தல் கான்கிரீட் ஆகும்போது அங்கேயும் கணக்கு வாசிக்கப்படுவதில்லை.

ஊர்ச் சபையை நடத்துகிறவர்களில் பல வகை உண்டு. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் சேகரக் குரு மாற்றலுக்கு உட்பட்டவர். அவருக்குப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி இருக்கும். ஐயர் நாலைந்து வருஷத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார், கமிட்டிக்காரர் ஊரிலேயே இருப்பார். அதனால் பல சேகரங்களில் உண்மையான அதிகாரம் பீடத்தில் இல்லை, வெஸ்ட்ரி அறையில் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் நிலைமை வேறு. பங்குத்தந்தையை ஆயர் நியமிக்கிறார், பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம். ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீர வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. தங்கள் பங்கின் நிதிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று, அன்பியம் என்ற சிறு குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிப்பார்கள்.

மூன்றாவது வகை, ஒருவரே தொடங்கி அவரே வளர்த்த தனிச் சபை. வாடகை வீட்டின் முன்னறையில் ஐந்து பேருடன் ஆரம்பித்தவர் அவர். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாலும் வந்து நின்று ஜெபித்தவர். கடன்காரன் வாசலில் நின்றபோது தன் மோதிரத்தை அடகு வைத்துக் கொடுத்தவர். அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? சபை ஒரு டிரஸ்டாகப் பதிவாகியிருக்கும். டிரஸ்டிகள் பாஸ்டர், பாஸ்டரம்மா, மூத்த மகன், பாஸ்டரம்மாவின் தம்பி. சங்கமாகப் பதிவு செய்திருந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும். டிரஸ்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தணிக்கை நடந்தாலும் அந்த அறிக்கை வருமான வரித் துறைக்குப் போகும், தசமபாகம் கொடுத்த விசுவாசிக்கு வராது. கொடுக்கிற வரைக்கும் அவர் சபையின் அங்கம், கொடுத்த பிறகு பார்வையாளர். இது சட்ட மீறல் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்வாதிகாரி போதகர், சேவகப் போதகர் என்று பாணிகளைப் பிரித்து, பின்னவரைத் தேடிக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடுகடுப்பான ஐயரிடம் கணக்குக் கேட்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பாதிச் சபை அதற்கென்றே காத்திருக்கும். அன்பானவரிடம்தான் நா எழாது. சபைகளில் பெரிய சேதம் பெரும்பாலும் அந்த எழாத நாவிலிருந்தே வருகிறது.

சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையில் நடந்தது இதுதான். நிறுவனர் கொங் ஹீ திறமையான போதகர், மக்களால் உண்மையாகவே நேசிக்கப்பட்டவர். பாப் பாட்டு வழியாகச் சுவிசேஷம் பரப்புவது என்ற பெயரில் அவருடைய மனைவியின் இசைப் பயணத்துக்குச் சபைப் பணம் போனது. 2003ஆம் ஆண்டிலேயே சபையைச் சேர்ந்த ஒருவர் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். கடைசியில் அவரே செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஒன்பது ஆண்டு கழித்து, 2012இல், நிறுவனரும் மற்றவர்களும் கைதானார்கள். 2015இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. முறைகேடாகக் கையாளப்பட்ட தொகை சுமார் ஐந்து கோடி சிங்கப்பூர் டாலர். 2017இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. யாரும் தன் சொந்தப் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை என்பதும், சபையின் நன்மைக்கே செய்கிறோம் என்று நம்பினார்கள் என்பதும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. எனக்கு இந்த வழக்கில் உறைப்பது அந்த நம்பிக்கைதான். திருடன் என்றால் ஒருநாள் பிடிபட்டுவிடுவான். தான் செய்வது ஊழியம் என்று மனதார நம்புகிறவரைப் பக்கத்தில் நின்று நிறுத்த ஆள் இல்லையென்றால், அவர் எந்த எல்லைக்கும் போவார்.

வேதப் புத்தகத்தைத் தொட்டுப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஏனென்றால் வாயை அடைக்கிற கற்களும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகின்றன. யாத்திராகமத்தில் ஒரே மக்களிடம் இரண்டு தடவை பொன் வசூல் நடக்கிறது. முதல் வசூல் ஆரோனுடையது. வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் காதணிகளைக் கழற்றி வாங்குகிறார். மோசே மலையிலிருந்து இறங்கி வந்து கேட்டபோது ஆரோன் சொன்ன பதில், உலகத்துப் பொருளாளர்கள் எல்லாருக்கும் முன்மாதிரி. கொடுத்தார்கள், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்கிறார். கன்றுக்குட்டி தானாக வந்ததாம்! அதை உளி பிடித்து வடித்தவரே அவர்தான் என்று சில வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது.

இரண்டாவது வசூல் ஆசரிப்புக் கூடாரத்துக்கு. வேலை முடிந்ததும் மோசேயின் உத்தரவுப்படி ஒரு கணக்கு எழுதப்படுகிறது, 38ஆம் அதிகாரத்தில். பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெள்ளி கொடுத்தவர்கள் 6,03,550 பேர், தலைக்கு அரைச் சேக்கல். நூறு தாலந்து நூறு பாதங்களுக்குப் போயிற்று. மிச்சம் 1,775 சேக்கல்? அதுவும் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் ஆயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரசங்கத்துக்கு உதவாது என்று நம் போதகர்கள் தாண்டிப் போகிற அதிகாரம் இது. கன்றுக்குட்டி அதிகாரத்தின் மேல் நான் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். கொக்கிக் கணக்கின் மேல் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

கேள்வி கேட்பவர் மேல் முதலில் வீசப்படுகிற கல் கோராகு. மோசேயை எதிர்த்தான், பூமி பிளந்து விழுங்கியது. சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்தால் அடுத்த ஞாயிறு இந்தப் பகுதிதான் வாசிப்புக்கு வரும். ஆனால் எண்ணாகமத்தின் அதே 16ஆம் அதிகாரத்தில், பூமி பிளப்பதற்கு முன்பே, இவர்களில் ஒருவருடைய கழுதையைக்கூட நான் எடுத்ததில்லை என்று மோசே சொல்வது இருக்கிறது. கோராகைச் சொல்கிறவர்கள் கழுதையைச் சொல்வதில்லை. சாமுவேலும் கிழவரானபோது சபை முன் நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன் என்று தானாகவே கேட்டு, மக்கள் வாயால் பதில் வாங்கிக்கொண்டுதான் ஒதுங்கினார்.

இரண்டாவது கல், அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக் கூடாது என்பது. அந்த வசனம் வருகிற சங்கீதத்தைப் பொறுமையாகப் படித்தால், அது பேசுவது நாடு இல்லாமல் அலைந்த சிறு கூட்டத்தைப் பற்றி. எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். வலியவனிடமிருந்து எளியவனைக் காக்கச் சொன்ன வார்த்தையை, மேடையில் நிற்பவர் கடைசிப் பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துச் சொல்கிறார். அபிஷேகம் பெற்ற சவுல் மேல் கை வைக்க மாட்டேன் என்று தாவீது சொன்னது உண்மை. ஆனால் அதே தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்து எடுத்து, குகைக்கு வெளியே வந்து, எல்லார் முன்னிலும் அதை உயர்த்திப் பிடித்து நியாயம் கேட்டான். கை வைக்காதவன் வாயை மூடிக்கொள்ளவில்லை.

பவுலைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைக் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்தார். தேவனுக்கு முன்பாக யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 'ஆண்டவருக்குத் தெரியும்' என்ற பதில் பவுலுக்கே போதவில்லை.

சரி, கமிட்டியும் தேர்தலும் உள்ள சபைகளில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? பதில் வெட்கம் தரும்.

பல சபைகள் இணைந்து சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததே தலைமை எப்படி இருக்க வேண்டும் என்ற நீண்ட விவாதத்திலிருந்துதான். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய சிறு கூட்டத்தில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் முடிவுக்கு வர 28 ஆண்டு பிடித்தது. ஆங்கிலிக்கன் தரப்புக்குப் பேராயர் இல்லாமல் சபை இல்லை. சபை மக்களே எல்லாம் என்று பழகிய காங்கிரிகேஷனல் தரப்புக்குப் பேராயர் என்றாலே ராஜாவின் நிழல். கடைசியில் பேராயர் இருப்பார், ஆனால் சபை அமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருப்பார் என்று ஒப்புக்கொண்டார்கள். தரங்கம்பாடியில் இருந்தவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910 எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் பேசியவரும் அவர்தான். இணைப்பைப் பார்க்காமலே 1945இல் இறந்துபோனார்.

மிஷனரிகளுக்கும் பதில் சொல்லும் பழக்கம் அவ்வளவாக இருக்கவில்லை என்பதைத் திருநெல்வேலி வரலாறு சொல்லும். 1857இல் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை பிரகாசபுரத்தில் மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டதற்கு வேத வியாக்கியானம் மட்டும் காரணமில்லை. வெள்ளைக்கார ஐயர்மார் தங்களை நடத்திய விதமும், தங்கள் சாதியைப் பற்றி எழுதிய விதமும் அதன் பின்னால் இருந்தன. கேட்க இடமில்லாதவர்கள் வெளியே போனார்கள்.

இப்போது கேட்க இடம் இருக்கிறது, காகிதத்தில். சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம், சினாட் என்று படிப்படியாகத் தேர்தல். ஆனால் திருமண்டலத் தேர்தல் காலத்தில் தென் மாவட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு அணி, ஒவ்வொரு அணிக்கும் தலைவர், சுவரொட்டி, பிரியாணி, ஆள் கணக்கு, சாதிக் கணக்கு. ஜெயிப்பவர் கையில் பள்ளிக்கூட ஆசிரியர் நியமனம், கல்லூரிப் பதவி, சொத்துக் குத்தகை எல்லாம் வரும். ஒரு சபையின் தேர்தலுக்கு இத்தனை ஆவேசம் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அணி அரசியலில் கணக்குக் கேட்பவர் எதிரணிக்காரர். அவர் கேட்பது கணக்கை அறிய அல்ல, அடுத்த தேர்தலுக்கு. ஆகவே பதில் சொல்பவரும் கணக்குச் சொல்வதில்லை, நீங்கள் இருந்தபோது என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார். நடுவில் நிற்கிற ஆச்சியின் கயிற்றுக் கேள்விக்கு அங்கே இடமே கிடையாது. கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது பெண்கள். அணிகளின் தலைமையில் மட்டும் அவர்களைக் காணோம்.

முடிவு நீதிமன்றம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் நீதிமன்றம் நிர்வாகிகளை நியமித்தது உண்டு. 2024இல் தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சகோதரனுக்கு விரோதமாக அந்நிய நியாயாசனத்துக்குப் போகாதே என்று கொரிந்தியரைப் பவுல் கண்டித்ததை எடுத்துச் சொல்லி வழக்குப் போட்டவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. சபைக்குள் ஞானமுள்ளவன் ஒருவன்கூட இல்லையா என்றும் பவுல் அதே மூச்சில் கேட்கிறார். உள்ளே கேட்கிற வாசல் அடைத்திருந்தால் மனிதன் வெளி வாசலைத் தட்டாமல் என்ன செய்வான்?

பணம் மட்டுமே இங்கே பேச்சு இல்லை. சென்னையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ரவி சகரியாஸ் 2020இல் இறந்தபோது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் துக்கம் கொண்டாடின. அடுத்த பிப்ரவரியில் அவருடைய சொந்த நிறுவனமே வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவர் பெண்களைப் பாலியல் ரீதியாக நெடுநாள் துன்புறுத்தி வந்ததை உறுதிசெய்தது. முதல் புகார் 2017இலேயே வெளியே தெரிந்திருந்தது. அப்போது நிறுவனம் அவர் பக்கம் நின்றது. நம் ஊரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். திருமண்டல அலுவலகமும் சபைப் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும் வேலை செய்யும் இடங்கள்தான். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் எல்லாவற்றிலும் எளிதில் அணுகக்கூடிய புகார் ஏற்பாடு வேண்டும் என்று 2019இல் போப் பிரான்சிஸ் உத்தரவிட்டார். புகார் கொடுக்கப் போகிற பெண்ணுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறதா என்பதே என் கேள்வி. நான் போன கோயில்களின் பலகைகளில் ஓய்வுநாள் பாடசாலை நேரமும் கல்லறைத் தோட்டக் கட்டணமும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணி, அங்கேயே கையெழுத்திடுவது. யோவாஸ் அரசன் காலத்திலேயே இது உண்டு. ஆலயம் பழுதுபார்க்கக் கொடுத்த பணம் வேலைக்குப் போய்ச் சேராததைத் தன் 23ஆம் ஆண்டில் கண்டுபிடித்த அவன், ஆசாரியர் கையிலிருந்து வசூலை எடுத்துவிட்டான். மூடியில் துளையிட்ட பெட்டி வைக்கப்பட்டது. நிறைந்ததும் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். அந்தப் பணத்தை வாங்கி வேலைக்காரர்களுக்குக் கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. யாராவது அதைக் காட்டி வாதாடக் கூடும். கணக்குக் கேட்கப்படாதவர்கள் கொத்தனுக்கும் தச்சனுக்கும் கூலி கொடுத்த மேற்பார்வையாளர்கள். ஆசாரியர் அல்ல.

ஆண்டுக் கணக்கை அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம். போதகரின் சம்பளத்தைச் சபையே நிர்ணயித்து, அதைச் சபைக்குத் தெரியச் சொல்லலாம். நம் ஊரில் அந்தத் தொகை பல வீடுகளில் வேலை பார்ப்பவரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பதும் அப்போது வெளியே வரும். கணக்கு மறைவது எப்போதும் போதகருக்கு லாபம் என்று நினைப்பது தப்பு. கிராமத்து உபதேசியார் எத்தனை பேர் கொடுபடாத சம்பளத்தோடு ஓய்வுபெற்றார்கள் என்பதும் யாரும் வாசிக்காத கணக்குதான்.

போன மழைக்காலத்தில் சென்னைக்குப் போயிருந்தபோது, சித்தி மகள் தன் சபைக்கு அழைத்துப் போனாள். நல்ல சபை. பாட்டு நன்றாக இருந்தது. போதகர் கண்ணீரோடு ஜெபித்தார், அது நடிப்பில்லை என்று என்னால் சொல்ல முடியும். காணிக்கைப் பை வரவில்லை. தூணுக்குத் தூண் ஒட்டியிருந்த கியூஆர் கோடைப் போனில் பிடித்தேன். திரையில் வந்தது சபையின் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர்.

"இது யாரும்மா?" என்றேன் மெதுவாக.

"பாஸ்டரம்மாதான் அண்ணா. யார் பேர்ல இருந்தா என்ன, ஊழியத்துக்குத்தானே போகுது?"

முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிணற்றுக் கயிற்று ஆச்சி ஞாபகத்துக்கு வந்தாள். இருநூறு ரூபாய் என்று போட்டு, ரகசிய எண்ணை அழுத்தி, போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.